வெள்ளக் கதைகளும் நான் சேர்த்த நான்காவது கட்டமும்

என் அன்புத் தங்கை செல்விக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. ஒத்தக்கடை வீட்டு மாடியில் உன் சனிக்கிழமைக் கதை வகுப்பு நின்றுவிடவில்லை. இப்போது நடத்துவது நான். சிரிக்காதே.

நீ அதைத் தொடங்கியபோது தடுக்கப் பார்த்தவனும் நானே. "நாலு மதத்துக் கதையைப் பிள்ளைக முன்னாடி ஒன்னா வைக்காத. எவனாச்சும் புகார் குடுத்தா கேஸாயிரும்" என்றேன். "அம்புட்டுப் பிள்ளைகளும் சந்தோசமாத்தான் கேக்குதுக. நீங்க உள்ள வந்தாத்தாண்ணே கேஸாகும்" என்றாய்.

அப்படியே ஆயிற்று.

சென்ற மாதம் வெள்ளக் கதைகளை எடுத்தேன். நூஹ் நபியின் கப்பல், மனுவின் படகை இழுத்துச் சென்ற மீன், பிரளயத்துக்குப் பின் மதுரையின் பழைய எல்லையைக் காட்டிய பாம்பு. உன் நோட்டில் கண்டபடி பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்தேன்: யார் காப்பாற்றினார், யார் பிழைத்தார், நீர் வடிந்தபின் என்ன நடந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். சாட்சிகளின் வாக்குமூலங்களை ஒப்பிட்டே பழகிய வக்கீல் கை, நான்காவதாக ஒன்றை வரைந்தது: முரண்பாடுகள். "மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லையே, இதில் எதை நம்புவது?" என்றும் கேட்டுவிட்டேன்.

உன் ஐந்தாம் வகுப்பு ரஹ்மத் எழுந்தாள். "அப்ப எங்க நபி பொய் சொன்னாங்களா சார்?"

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை, அதற்கடுத்த வாரமும்.

அவள் தந்தையின் தையல் கடைக்குப் போனேன். மிதித்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார். "டீச்சரம்மா இருந்தப்ப, வீட்டுக்கு வந்து 'அத்தா, கப்பல்ல யானையை எப்படி ஏத்துனாங்க'ன்னு உசுர வாங்கும். அன்னைக்கு வந்து சோறுகூடத் திங்கல. பச்சப்பிள்ளையக் கூண்டுல ஏத்திட்டீகளே வக்கீல் சார்?"

"தவறு என்னுடையதுதான்" என்றேன். 'ஆனால்' என்ற சொல்லைச் சேர்க்காமல் நான் இதற்கு முன் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. உன்னிடம்கூடச் சொன்னதில்லை, இல்லையா?

நேற்று ரஹ்மத் வந்தாள். அவள் பார்க்கவே நான்காவது கட்டத்தை அழித்தேன். மூன்றாவது கட்டத்தை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, அவளாகவே பேசினாள்.

"சார், கப்பல் மலைல போய் நின்னுச்சு. மனுவும் மலைலதான் படகைக் கட்டுனாரு. நம்ம ஊர்ல பாம்பு வந்து எல்லை காட்டுச்சு. தண்ணி வடிஞ்சதும் எங்க இருக்கணும்னு ஒருத்தருக்கும் தெரியலைல? யாராச்சும் இடம் காட்ட வேண்டியிருக்கு."

நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். செல்வி, இப்படி ஒரு பேச்சைக் கேட்பதற்காகத்தான் நீ மூன்றோடு நிறுத்திவைத்திருந்தாயா? நீ இருந்த காலத்தில் ஒரு சனிக்கிழமையாவது நான் படியேறி வந்து கேட்டிருக்கலாமே?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன்; இதற்கு விதிவிலக்கு ஏதுமில்லை. வகுப்பு நிற்காது. பலகையில் மூன்று கட்டங்களே இருக்கும். கோடுகளை ரஹ்மத் போடுவாள்.

நீ சொன்னபடியே கேஸாக்கி, அதில் தோற்றும் போன,
உன் அண்ணன்