வாரம் இரண்டு நாள் திறந்திருந்த அறை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதியே கை பழகிவிட்டது, இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி தவிர வேறில்லை, நான் பஸ் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், விஷயம் உன் தங்கையைப் பற்றியது. போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

குட்டி படிப்பை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. பரீட்சைக்குப் படிக்கிறாள், தூங்குகிறாள் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். கைப்பந்து ஆடி முதுகில் அடிபட்டபோது கொடுத்த வலி மாத்திரையில் தொடங்கியது, வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. அதற்கு முன்பே மனசு சரியில்லாமல் இருந்திருக்கிறாள், நாங்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் குளியலறைக் கதவை உடைத்துத்தான் தூக்கி வந்தோம். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள், நானும் தலையாட்டினேன். பிறகு நூலகத்துக்கு மேலே நகரசபை நடத்திய போதை மீட்பு மையத்தில் சேர்த்தோம். இரண்டு அறை, பத்து பிளாஸ்டிக் நாற்காலி, மனசுக்கு ஆலோசனை சொல்ல ஒரு கவுன்சிலர் அம்மா, அவ்வளவுதான். செவ்வாயும் வெள்ளியும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள், நான் கீழே படிக்கட்டில் காத்திருப்பேன். ஐந்தாவது வாரம் மேலே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டு எழுந்து நின்றுவிட்டேன். அவள் பக்கத்தில் தச்சரின் மகன் உட்காருவான், ஒல்லி என்று கூப்பிடுவார்கள், அவன் போதையை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள், நிதி ஒதுக்கீடு இல்லை, மறு அறிவிப்பு வரை மூடப்படுகிறது என்று இரண்டே வரி. கவுன்சிலர் அம்மா தன் நம்பரை எல்லோருக்கும் கொடுத்தார், ஒரு ஆள் எத்தனை பேருக்குத்தான் ஓடுவார். ஆறு வாரம் கழித்து, மத்தியானம், கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு பின் சீட்டில் ஒல்லி ஜன்னலில் தலை சாய்த்திருந்தான். "தம்பி, எறங்குப்பா, வண்டி திரும்பணும்" என்று தோளைத் தட்டினேன், உடம்பு சில்லென்றிருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். மறுபடியும் எடுத்திருக்கிறான், அளவு மீறிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஏறும்போது எனக்கு வணக்கம் வைத்தவன். கண்ணாடியில் ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்று மனசு இன்னும் அடித்துக்கொள்கிறது.

அதற்கப்புறம்தான் நகரசபைக் கூட்டத்துக்குப் போனேன். தச்சரும் வந்தார், எழுந்து நின்றவர் மைக்கை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி, பிள்ளைங்களுக்கு மறுபடியும் கவுன்சிலர் வேணும் என்றேன். மேடையில் இருந்த வார்டு கவுன்சிலர் ஒருவர், "அதான் நாங்க இத்தனை கவுன்சிலர் இருக்கோமே" என்றார், சபையே சிரித்தது. வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். "என் பொண்ணு மாத்திரைக்கு அடிமையானவ, அந்த ரூம்லதான் பொழச்சா. அதே ரூம்ல இருந்த பையன் என் பஸ்ல செத்துக் கெடந்தான். இப்ப சிரிங்க" என்று சொல்லிவிட்டேன். தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு, நியாயமான கோரிக்கை, அடுத்த நிதியாண்டில் பரிசீலிப்போம் என்றார். அடுத்து பூங்காவுக்கு நீரூற்று வைக்கும் தீர்மானம், அது ஐந்தே நிமிடத்தில் நிறைவேறியது.

அம்மா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. மூன்று தாய்மார் டிப்போவுக்கே தேடி வந்து, எங்க வீட்லயும் இருக்கு அண்ணே என்று அழுதார்கள், இங்கே போங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு இடமில்லை. குட்டி போன வாரம் மறுபடியும் எடுத்துவிட்டாள். அவளே வந்து, "எடுத்துட்டேன்பா, என்னைத் தனியா விடாதீங்க" என்றாள். அடுத்த ஊர் மருத்துவமனையில் பெயர் பதிந்திருக்கிறோம், நான்கு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதுவரை என் வண்டியிலேயே முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறேன், டிப்போ மேலாளர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார்.

மறைத்ததற்கு எங்களைத் திட்டு, அவளைத் திட்டாதே. உடனே டிக்கெட் போட்டு ஓடி வராதே, நேரத்துக்குச் சாப்பிடு. ஏன் இப்படிச் செய்தாய் என்று அவளிடம் கேட்காதே, இன்னைக்கு எப்படி இருக்கே என்று மட்டும் கேள். எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுத்துவிடம்மா. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் இதிலேயே இருக்கிறது. எழுதியதைக் குட்டியிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை, உறையில் உன் விலாசத்தை அவளே எழுதுகிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா