நம் வீட்டு ஃபிரிட்ஜுக்கு ஐந்து நட்சத்திரம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாத்திரையைத்தான் மறந்துவிடுகிறார். நீ அனுப்பிய மின்சிக்கன அறிக்கை போன வாரம் வந்தது. தயாரித்தவர்கள் வரிசையில் உன் பெயரைப் பார்த்ததும் அப்பா அதை அடுத்த தெருத் தையற்காரம்மா வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். சின்னவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள், நாற்பத்தோராம் பக்கம் வரைக்கும் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நம் மாவட்டத்தில் பத்து வீட்டில் எட்டு வீட்டு ஃபிரிட்ஜ் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது, ஆகவே பழையதை வாங்கிக்கொண்டு புதியது கொடுக்கும் திட்டம் இங்கே தேவையில்லை என்று அங்கே எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வருஷம் ஐந்து மாதம் கணக்கெடுப்புக்காக வீடு வீடாய்ப் போய் ஃபிரிட்ஜின் முதுகைப் பார்த்தவள் நான். அந்த எட்டு வீடும் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை.

விதி என்னவென்று உனக்குத் தெரியும். மீட்டரைச் சுவரில் செருகி, ஃபிரிட்ஜை அதில் செருகி, மறுநாள் அதே நேரத்துக்குப் போய் எண்ணைக் குறிக்க வேண்டும். எங்கள் மேற்பார்வையாளருக்கு அதற்குப் பொறுமை இல்லை. "நாள் முழுக்க எதுக்கும்மா? அரை மணி நேரம் வச்சு நாப்பத்தெட்டால பெருக்குங்க, கணக்கு கணக்குதானே" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் அவர் பெருக்கல் சார். ஃபிரிட்ஜின் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் ஓயும், அது அவருக்குத் தெரியாதா என்ன! தையற்காரம்மா வீட்டில் ஓய்ந்திருந்த நேரமாய்ப் பார்த்து அளந்ததில் பூஜ்யம் வந்தது, நாற்பத்தெட்டால் பெருக்கியும் பூஜ்யம்தான். "அப்போ என் ஃபிரிட்ஜ் காத்தைக் குடிச்சா ஓடுது? பில்லு மட்டும் மாசாமாசம் வருதே" என்று அவர் சிரித்தார். பூஜ்யத்தை மேலே அனுப்ப முடியுமா? மீட்டரே வேண்டாம், கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரத்தைப் பார்த்து எழுதுங்கள் என்று உத்தரவு வந்தது. கடையை விட்டுப் புறப்பட்ட நாளில் அது எப்படி இருந்தது என்பதைத்தான் அந்த ஸ்டிக்கர் சொல்லும், கதவு ரப்பர் கிழிந்து ஏழு வருஷம் ஆனது அதற்கு எப்படித் தெரியும்? நானும் சில வீடுகளில் அப்படி எழுதினேன். இதை மறைத்துவிட்டு உன்னைத் திட்டினால் எனக்கு வாயே இருக்கக் கூடாது.

அறிக்கையைப் படித்த மறுநாள் காலையிலேயே கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போய் நம் தெருவின் தாள் கட்டைக் கேட்டு வாங்கினேன். கணக்கெடுக்கிறவருக்குச் சொந்தத் தெருவைக் கொடுக்க மாட்டார்கள், அதனால் அதை நான் பார்த்ததே இல்லை. நம் கதவு எண் போட்ட தாள் இருந்தது. ஐந்து நட்சத்திரம், முழு நாள் அளக்கப்பட்டது, கீழே வீட்டுக்காரர் என்ற இடத்தில் என் கையெழுத்து. ஒருவரும் நம் வாசற்படி ஏறவில்லை, நான் எதிலும் கையெழுத்துப் போடவும் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கமே வராத காலத்தில் வாங்கிய ஃபிரிட்ஜ் நம்முடையது! அப்பாவின் பழைய பெல்ட்டால்தான் அதன் கதவைக் கட்டி வைத்திருக்கிறோம். தாளை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போனேன். கேட்டதற்குப் பெருக்கல் சார் டீயைக் கீழே வைக்காமலே, "விடுங்கம்மா, ஒரு வீட்டால நாடு இருண்டுடுமா? மேல கேட்டாங்க, கொடுத்தோம். உங்க பொண்ணே வாங்கிக்கிட்டாங்களே" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் செருப்படி. அவரைப் பார்த்து வந்த அருவருப்பில் பாதி உன் மேலும் வந்தது, மறைப்பானேன். அந்தக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து அதிலேயே உட்கார்ந்து படித்தவள் நீ. பத்தில் எட்டு என்று எழுதும்போது நம் வீடு அந்த எட்டிலா, மீதி இரண்டிலா என்று ஒரு நிமிஷம் உனக்குத் தோன்றவில்லையா கண்ணு? ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் போதுமே.

திருப்பி வாங்க மறந்த இரண்டு மீட்டர்கள் என் பையில் கிடந்தன. ஒரு நாளைக்கு இரண்டு வீடாக, நாள் முழுக்க வைத்து, நம் தெருவில் பன்னிரண்டு வீட்டை அளந்து முடித்தேன். சிக்கனமாய் ஓடுவது இரண்டே இரண்டு. நம்முடையது அவர்கள் எழுதியதைப் போல் நாலு மடங்கு குடிக்கிறது. பன்னிரண்டு வீடு ஒரு மாவட்டம் ஆகாது, எனக்கும் தெரியும், ஆனால் திரும்பவும் அளக்கச் சொல்ல இது போதும். தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். இருபதாம் தேதி குழு கூடி அந்தத் திட்டம் வேண்டுமா என்று முடிவெடுக்கும் என்றும், உன் பதவி உயர்வே இந்த அறிக்கையில்தான் இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் நீயே போய் அந்தப் பக்கம் தப்பு என்று சொல்லிவிடு. இன்னொருவர் கண்டுபிடித்துச் சொல்வது வேறு, நீ சொல்வது வேறு. என்னை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அதற்காக நீ எதையும் மூடி மறைக்க வேண்டியதில்லை.

கோபமாக எழுதினாலும் நீ என் பிள்ளைதான். நோய்நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து நன்றாக இரு. குளிர் காலம், காதை மூடிக்கொண்டு போ. ஒன்றை மட்டும் மறக்காதே, நம் வீட்டுத் தாளின் நகல் உன் அலுவலகத்தில் இருக்கும், அதை எடுத்து இந்தக் கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார். இங்கே கீழே நான் போட்டிருப்பதுதான் என் கையெழுத்து.

இப்படிக்கு,
உன் அம்மா