டீச்சர் தலையில் விழுந்த கொழுந்து

வினோதா அப்பாவுக்கு அம்மாக்கண்ணு எழுதுவது. ராகலைத் தேயிலைத் தோட்டத்தில் மழை விட்டதா? உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

கொழும்பில் நான் சுகம் என்று போனில் சொன்னது பொய். மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து சமைப்பதோடு சரி, யாரோடும் மனம் விட்டுப் பேசவில்லை. இரண்டாவது ஊசிக்குப் போவதில்லை என்றும் முடிவு செய்திருந்தேன்.

நேற்று, நான் சமைக்கும் வீட்டு யாழ்ப்பாணத்து டீச்சர் என்னைக் காற்றாட முற்றத்துக்கு அனுப்பினார். வேலியோரம் நின்றேன். கை தன் பாட்டுக்குச் செடியின் துளிரைக் கிள்ளி முதுகுப் பக்கம் எறிந்திருக்கிறது. முதுகில் ஏது கூடை? எல்லாம் பின்னால் வந்த டீச்சர் தலையில்.

"என்ன அம்மாக்கண்ணு, என்ர தலையென்ன கூடையோ?"

"நாப்பது வருசம் கொழுந்து பறிச்ச பழக்கமுங்க டீச்சர்."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு அழுகையாகி நிற்கவே இல்லை. டீச்சர் டாக்டரிடம் கூட்டிப் போனார். இந்த நோய் வந்த பலருக்கு மனமும் இப்படிச் சோர்ந்து போகுமாம், அதற்கும் வைத்தியம் உண்டாம். மாத்திரை தந்து, வாராவாரம் வந்து பேசச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஊசிக்குப் போகிறேன். அடுப்பில் சோறு கொதிக்கிறது, நிறுத்துகிறேன். முடி கொட்டுகிறது, என் கம்பளித் தொப்பியை அனுப்புங்கள். இல்லை, அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள். நான் யாரையும் துணைக்குக் கூப்பிட்டதில்லை, உங்களுக்குத் தெரியும். இப்போது கூப்பிடுகிறேன்.

அம்மாக்கண்ணு