ஊருக்கு ஒரு மதகு, மச்சாளுக்கு ஒரு மெஷின்

எங்கள் வீட்டில் முதலில் சிரிக்கிறவரும் கடைசியாகக் கோபப்படுகிறவருமான சிவா அண்ணைக்கு,

இந்தச் சனிக்கிழமை ஹம்பேர்க்கில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. நீங்கள் தொடங்கிய உதவிச் சங்கத்தின் கூட்டங்களில் பிஸ்கட் தட்டு இனிமேல் மேசையின் நடுவில் வைக்கப்படமாட்டாது. அது யன்னலோரத்துச் சிறிய மேசைக்குப் போகிறது. வேண்டியவர்கள் எழுந்து சென்று எடுத்துக்கொள்ளலாம். தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் விவாதத்தின் ஆழம் குறைகிறது என்பதே காரணம். இரு தரப்பிலும் வலுவான வாதங்கள் வைக்கப்பட்டன. ஒருவர் நடுநிலை வகித்தார். கூட்டக்குறிப்பு எழுதுவது நான் என்பதால் ஒன்றையும் விடாமல் எழுதினேன்.

அடுத்ததாகப் பேச இருந்தது உங்கள் ஊர் மதகு. அதற்கு நேரம் போதவில்லை. கோடை விடுமுறை முடியட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

உங்கள் ஊர் என்று எழுதிவிட்டு ஒரு நிமிடம் யோசித்தேன். நீங்கள் பிறந்தது யாழ்ப்பாணத்தில். முப்பது வருடம் குழாய் பொருத்தி உழைத்தது ஹம்பேர்க்கில். ஆனால் சுமாத்திராவின் வடக்கு முனையில், ஆச்சேயில், ஒரு சின்ன வயற்கிராமத்தின் பலாமரத்துக்குக் கீழேதான் இப்போது இருக்கிறீர்கள். வேறு எந்த ஊரை உங்கள் ஊர் என்று சொல்ல?

நூர் மச்சாளை ஹம்பேர்க் ஆஸ்பத்திரிச் சமையலறையில் குழாய் திருத்தப்போன இடத்தில் சந்தித்தீர்கள், அவருக்கு அங்கே சமையல் வேலை. பென்ஷன் வந்ததும் இரண்டு பேரும் அவர் பிறந்த கிராமத்துக்குப் போனீர்கள். அங்கே வீடு மகளுக்குத்தான், மருமகன் அந்த வீட்டுக்குப் போய் இருக்கவேண்டும் என்று அறிந்தபோது எங்கள் சொந்தக்காரர் எல்லாரும் கவலைப்பட்டார்கள். நீங்கள் போனில் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. "இது எங்கட சீதன வீடுதானடி. ஆனா இஞ்சை ஒருத்தரும் பேரம் பேசேல்லை, அதுதான் வித்தியாசம்."

நீங்கள் போனபிறகு இங்கே உங்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்திரட்டி செய்தோம். அங்கே ஏழு இரவு குர்ஆன் ஓதினார்கள். நீங்கள் எந்தப் பெயரில், எந்தச் சமயத்தில் போனீர்கள் என்று இங்கே மண்டபத்தில் கொஞ்சம் குசுகுசுத்தார்கள். பிறகு சாப்பாடு வந்தது. இரண்டு இடத்திலும் சாப்பாடு நன்றாக இருந்ததாகத் தகவல்.

சரி, மதகுக்கு வருகிறேன்.

போன மழையில் ஆற்று வெள்ளம் அதை அடியோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பிவிட அந்த ஊருக்கு இருந்தது அது ஒன்றுதான். இப்போது ஆறு தன்பாட்டில் ஓடுகிறது. வயல் தன்பாட்டில் காய்கிறது. நூர் மச்சாள் வீடியோவில் காட்டினார். வாய்க்காலுக்குள் ஆடு படுத்திருந்தது.

"பார் மச்சாள், வாய்க்கால் இருக்கு, தண்ணிதான் இல்லை. சீமெந்து, கம்பி, ஒரு மேசன், கதவுக்குப் பலகை. இவ்வளவும் போதும். மிச்ச வேலை ஊர் செய்யும்." அவருடைய தமிழ் உங்களிடம் படித்தது. அதனால்தானோ என்னவோ, அதில் சுற்றிவளைத்துக் கேட்கிற பழக்கம் இல்லை.

அந்த ஊரின் நிலைமை உங்களுக்குத் தெரியும். இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே தெரு. தெருவின் ஒரு பாதியில் பாக்குக் காயும், மறுபாதியில் மோட்டார் சைக்கிள் போகும். பாதிப் பேருக்குச் சொந்த வயல் இல்லை. மற்றவனுடைய வயலைச் செய்து விளைச்சலில் பங்கு கொடுக்கிறார்கள். நாற்று நடுவது பெண்கள். அரசியல் பேசுவது கோப்பிக் கடையில் இருக்கும் ஆண்கள். இளந்தாரிகள் மலேசியாவில் ஓட்டல் மேசை துடைக்கிறார்கள். டொக்டர் வேறு ஊரில் இருக்கிறார், காட்டுப்பன்றி இதே ஊரில் இருக்கிறது. ஆனால் அரிசியை மட்டும் கடையில் வாங்கியதில்லை என்பது அவர்களுடைய பெருமை. ஏழை என்று ஒருவரைச் சொல்வதென்றால், அரிசி வாங்கிச் சாப்பிடுகிறவன் என்பார்கள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

விதைப்பு முறையையும் நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். தண்ணீருக்கும் வயலுக்கும் பொறுப்பாக ஊரில் ஒருவர் இருப்பார். கெஜ்ருன் என்பார்கள். நம் வன்னியின் வட்டவிதானையார் என்று வைத்துக்கொள்ளலாம். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அவர் நாள் குறிப்பார். அன்றைக்கு ஊர் முழுவதும் சோற்றுப்பொதியுடன் வயற்கரைக்குப் போய், ஆடு அறுத்துச் சமைத்து, ஓதி, ஒன்றாக இருந்து சாப்பிடும். பிறகு சில நாட்களுக்கு வயலில் ஒருவரும் கால் வைக்கக்கூடாது. அது முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். முந்தி விதைக்கவும் கூடாது, பிந்தவும் கூடாது. தனியே ஒருவன் விதைத்தால் ஊரிலுள்ள குருவி, எலி, பன்றி எல்லாம் அவனுடைய வயலுக்கே வரும். எல்லாரும் விதைத்தால் ஆளுக்குக் கொஞ்சம் போகும். சேதத்தைக்கூடப் பங்குபோடத் தெரிந்த ஊர் என்று சொல்லிவிட்டு நீங்கள் நெடுநேரம் சிரித்தீர்கள்.

இதையெல்லாம் மாரிகாலக் கூட்டத்தில் விளக்கினேன். எங்கள் தலைவி பிர்கித்தை உங்களுக்குத் தெரியும், ஓய்வுபெற்ற ஆசிரியை. பொருளாளர் குகன் அண்ணை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். இரண்டு பேரும் நல்லவர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், இந்தக் கதையில் கெட்டவர் ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் வேலை இலகுவாக இருந்திருக்கும்.

"மதகு யாருடையது?" என்று பிர்கித் கேட்டார்.

"ஊருடையது."

"ஊரில் யாருடையது?"

"ஒருவருடையதும் இல்லை. அதனால்தான் எல்லாருடையதும்."

பிர்கித் வருத்தத்துடன் தலையசைத்தார். உதவி பெறுகிறவருக்கு ஒரு பெயரும் ஒரு முகமும் இருக்கவேண்டும் என்பது நமது விதி. மதகுக்கு இரண்டும் இல்லை. அத்துடன் அதன் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருப்பதால் படம் எடுப்பதும் கஷ்டம்.

அப்போது குகன் அண்ணை கதிரையை முன்னுக்கு இழுத்தார். "இஞ்சை பார் தங்கச்சி, உதுக்கேன் இவ்வளவு கரைச்சல்? ஆறு பக்கத்திலைதானே ஓடுது? ஆளுக்கொரு மெஷினை வாங்கிக் குடுத்தால் தாங்களே இறைப்பினம். என்ரை அப்பா ஒரு கிணத்தையும் ஒரு மெஷினையும் வைச்சு எங்களெல்லாரையும் படிப்பிச்சவர். மதகு எண்ட சாமானை நான் கண்ணாலையும் கண்டதில்லை."

"உங்கட அப்பா போட்டது வெங்காயம், அண்ணை. இது நெல்லு."

"தண்ணிக்குத் தெரியுமே வெங்காயமோ நெல்லோ எண்டு?"

கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டம் கையை உயர்த்தும். உயர்த்தியது.

குகன் அண்ணையைக் குறைசொல்லி என்ன? யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. எங்களுக்கு விவசாயம் என்றால் ஒரு கிணறு, ஒரு மெஷின், நாலு பக்கமும் வேலி. பக்கத்துக் காணிக்காரனுடன் கதைக்காமலே ஒரு தலைமுறை தோட்டம் செய்யலாம், செய்தும் இருக்கிறோம். ஒரு வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போவது எங்கள் கண்ணுக்குப் பாசனமாகத் தெரிவதில்லை, களவாகத்தான் தெரியும். உலகத்தின் எந்த மூலையில் பயிர் வாடினாலும் எங்களுக்கு வருகிற முதல் யோசனை மெஷின்தான். கடைசி யோசனையும் அதுதான். உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணை வேறு யோசனை வந்தது? குழாய்க்காரன் என்பதாலா?

முதலில் ஒரே ஒரு மெஷின், பரீட்சார்த்தமாக, சங்கத்தைத் தொடங்கியவரின் மனைவிக்கு என்று முடிவானது. உங்கள் நினைவுக்கு மரியாதையாம். நான் எதிர்த்துக் கையை உயர்த்தினேன். ஒரு கைதான்.

மெஷின் போய்ச் சேர்ந்தது. நூர் மச்சாள் அதற்குப் பக்கத்தில் நிற்கும் படமும் வந்தது. சிவப்பு முக்காடு, சிரிப்பில்லாத முகம். "என்ன ஒரு கம்பீரம்!" என்றார் பிர்கித். நான் அந்த முகத்தை இருபது வருடமாக அறிவேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் யாராவது உப்பை இரண்டுமுறை போட்டால் வருகிற முகம் அது.

அன்று பின்னேரமே மச்சாள் அழைத்தார். "மச்சாள், உங்கட ஆக்களுக்கு ஆர் இதைச் சொல்லிக் குடுத்தது?"

"ஏன், வேலை செய்யேல்லையோ?"

"நல்லா வேலை செய்யுது. நான் என்ரை வயலுக்கு இறைச்சால் பக்கத்து வயல் குடிக்குது. அதுக்குப் பக்கத்து வயலும் குடிக்குது. காய்ஞ்ச நிலமெல்லே? நான் பெற்றோல் ஊத்திக்கொண்டு நிக்கிறன், என்ரை காணியிலை ஒரு கைத் தண்ணி நிக்கேல்லை."

"அப்ப என்ன செய்யப் போறீங்கள்?"

"என்ன செய்யிறது? தண்ணி நிண்டாலும் தனிய விதைக்கேலாது. கெஜ்ருன் வந்தவர். கோப்பி குடிச்சார். மெஷின் வடிவாயிருக்கு எண்டார். பிறகு மெதுவாய்க் கேட்டார், ஜெர்மனியிலை ஆக்கள் தனியத் தனியவோ விதைக்கிறவை எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"அங்கை மற்றதெல்லாம் தனியத்தான் செய்யிறவை, விதைக்கிறேல்லை எண்டன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தன்னுடன் நாற்று நடுகிற பெண்கள் இப்போதும் வந்து கதைக்கிறார்கள், ஆனால் மெஷினைப் பார்த்துக்கொண்டு கதைக்கிறார்கள் என்றார். ஊருக்காகக் கேட்டது ஊருக்கு வரவில்லை, அவருடைய முற்றத்துக்கு மட்டும் ஏதோ வந்திருக்கிறது. அவரே கேட்டு வாங்கியதாகக் கோப்பிக் கடையில் பேச்சு. "உங்கட அண்ணர் இருந்திருந்தால் இதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சங்கத்தின்ரை வாசலிலை வைச்சிருப்பார்" என்றார். செய்திருப்பீர்களா, அண்ணை? அல்லது கெஜ்ருனுடன் இருந்து இன்னொரு கோப்பி குடித்திருப்பீர்களா?

இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தின் முடிவில், எல்லாரும் ஜக்கெட்டைப் போடத் தொடங்கிய நேரத்தில், பிர்கித் என்னிடம் பச்சை வயலின் படம் வந்ததா என்று கேட்டார். சங்கத்தின் இலையுதிர் காலத்துச் சிறுபுத்தகத்தின் அட்டைக்கு வேண்டுமாம். வயல் பச்சையாக இல்லை என்றேன். விதைக்கவில்லை என்றேன். மதகு இல்லாமல் விதைக்கமாட்டார்கள் என்றேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். "மெஷினைப் பயன்படுத்த அவருக்குப் பயிற்சி தேவைப்படுகிறதோ?"

ஆயிரம் நோயாளிகளுக்குச் சமைத்த கொதிகலன்களை இயக்கியவர் நூர் மச்சாள். மெஷினை இயக்கிய முதல் ஆளும் அவர்தான். இதை நான் சொன்னேன். சொன்னபோது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. குகன் அண்ணை என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "கோபிக்காதை பிள்ளை. நாங்கள் நல்லதுக்குத்தானே செய்தனாங்கள்?"

"ஓம் அண்ணை. அதுதான் பிரச்சினை."

அவருக்கு விளங்கவில்லை. கடையில் இறக்கின மாம்பழத்தில் ஒரு பெட்டி தந்துவிட்டார். நல்ல பழம். எனக்குக் களைத்துப்போய்விட்டது, அண்ணை. கெட்ட மனிதர்களுடன் சண்டை பிடிக்கலாம். மாம்பழப் பெட்டியுடன் வருகிறவருடன் எப்படிப் பிடிப்பது? நீங்கள் இவர்களை எப்படித்தான் சமாளித்தீர்கள்? ஒருமுறையாவது சொல்லித் தந்திருக்கலாமே?

ஒரு வாக்குத் தருகிறேன். நூலகத்தில் லீவு சொல்லிவிட்டேன், டிக்கட்டும் எடுத்தாயிற்று. வீட்டில் மற்றவர்கள் ஸ்பெயினுக்குப் போகட்டும். நான் உங்கள் ஊருக்குப் போகிறேன். முதலில் பலாமரத்தடிக்கு வருவேன். பிறகு நூர் மச்சாளுடன் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய், அவர் பிறகு போனில் சொன்னபடி, அதை ஊர் மண்டபத்தில் கெஜ்ருனின் பொறுப்பில் ஒப்படைப்பேன். விற்றுச் சீமெந்து வாங்குவதா என்று ஊர் முடிவெடுக்கட்டும். விடுமுறைக்குப் பிந்திய கூட்டத்தில் குறிப்பு எழுத வேறு ஆள் பார்க்கட்டும். நான் எழுந்து நின்று பேசுவேன், மதகு கட்டுகிறோம் என்று எழுத்தில் வரும்வரை உட்காரமாட்டேன்.

விதைக்கிற காலம் போன கிழமையுடன் முடிந்தது. இந்த முறை கெஜ்ருன் நாள் குறிக்கவில்லை. வயற்கரையில் ஒருவரும் சமைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நூர் மச்சாள் கடையில் அரிசி வாங்கினார்.

உங்கள் கடைசித் தங்கச்சி,
வதனி
ஹம்பேர்க்