ஒளிரக் கூடாத தண்ணீர்

மார்ச் 9, திங்கள்
வெயில். வவுனியா கொதிக்கிறது. ஆய்வுகூட ஏசி பழுது.

தண்ணீரில் புளோரைட் (கூடினால் பல்லும் எலும்பும் பழுது) இருந்தால் பச்சையாக ஒளிரும்படி நான் மரபணு மாற்றி வளர்த்த பக்டீரியா. செல்லப்பிள்ளைகள். எங்கள் விசுவமடு வீட்டுக் கிணற்றுத் தண்ணீருக்கு ஒளிர்வு 840. ஒப்பிட்டுப் பார்க்கும் கொன்ரோலுக்கு வைத்தது காய்ச்சி வடித்த வெறுந்தண்ணீர். அதற்கும் 790! புளோரைட்டே இல்லாத தண்ணீரில் ஏன் ஒளிர்கிறீர்கள், சனியன்களே?

என் ஆய்வை மேற்பார்க்கும் மிஸ் எட்டிப் பார்த்தார். "கொன்ரோல் பிழையெண்டா மற்ற ஒண்டையும் நம்பேலாது. வெள்ளிக்கிடையில சரிவராட்டி ஆய்வுத் தலைப்பை மாத்துவம்."

ஆறு மாத வேலை! சாப்பாடு இறங்கவில்லை. (பொய். இரண்டு ரோல்ஸ்.)

மார்ச் 10, செவ்வாய்
மாற்றியவை: உப்பு, வளர்ப்பூடகம், குழாய்கள், பிப்பெற். கொன்ரோல் 805. கூடிவிட்டது!

அம்மா போனில்: "பிள்ளை, எங்கட கிணத்துத் தண்ணியைக் குடிக்கலாமோ இல்லையோ?"
"பொறுங்கோ அம்மா, இஞ்ச வெறுந்தண்ணியே ஒளிருது."

மார்ச் 12, வியாழன்
பிடித்துவிட்டேன்!!!

மாற்றாமல் விட்டது வெறுந்தண்ணீர்ப் போத்தல் ஒன்றுதான். எடுத்துப் பார்த்தால் பளபளப்பு. இந்த ஊர்த் தண்ணீரில் கழுவிய கண்ணாடியில் வெள்ளை படியாமல் இருக்குமா? ஆய்வுகூடச் சாமான் கழுவும் சரசக்காவிடம் ஓடினேன்.

"எவ்வளவு தேச்சும் அந்தக் கறை போகேல்லை பிள்ளை. பல்லுத் தீட்டுற பேஸ்ட் போட்டுத் தேச்சனான். ஏன், பிழையோ?"

பற்பசை! புளோரைட்! கிணற்றுத் தண்ணீரில் கலந்து ஐதாக்கியதும் அந்தப் போத்தல் தண்ணீரைத்தான். என் பக்டீரியாப் பிள்ளைகள் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன, பாவங்கள், திட்டு வாங்கிக்கொண்டு. அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன்.

"விடு பிள்ளை, கையெல்லாம் சவுக்கார நுரை!"

மார்ச் 13, வெள்ளி
புதுப் போத்தல், புதுத் தண்ணீர். குழாய்கள்:
1. வெறுந்தண்ணீர்
2. அளந்து புளோரைட் கலந்தது
3. வீட்டுக் கிணறு
4. ச. அக்காவின் போத்தல் தண்ணீர் (மிஸ் சிரித்துச் சிரித்துச் சேர்க்கச் சொன்னார்)

நீல வெளிச்சம் போட்டு, செம்மஞ்சள் கண்ணாடி வழியாக நானும் சரசக்காவும் பார்த்தோம். 2, 4 நல்ல பச்சை. 3 மங்கல் பச்சை. எவ்வளவென்று இனி அளந்து அம்மாவுக்குச் சொல்லலாம்.

அக்கா முதல் குழாயிடம் குனிந்தார். முகம் செத்துப்போயிற்று.

"இதில ஒண்டும் தெரியேல்லையே பிள்ளை. இதையும் நான் பழுதாக்கிப் போட்டனோ?"

"ஓம் அக்கா, ஒண்டும் தெரியேல்லை! ஒண்டுமே தெரியேல்லை!"

கத்தின கத்தில் மிஸ் ஓடிவந்தார். குனிந்து பார்த்தார். "மாத்தத் தேவையில்லை, இந்தத் தலைப்பு உமக்குத்தான்." அழுகை வந்துவிட்டது. நான் அழுவதைக் கண்டு பாவம் அக்காவும் அழத் தொடங்கிவிட்டார்.