குளத்தில் பன்னிரண்டு நியூட்

மார்ச் 8, வெள்ளி

இன்று மூன்று லிஃப்டுகளுக்கு உயிர் கொடுத்தேன். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே சிக்கிய வக்கீலை மீட்டதற்கு இன்னும் எனக்குச் சிலை வைக்கவில்லை. உலகம் அப்படித்தான்.

நாளை காட்டுக் குளத்துக்குப் படையெடுப்பு. மொத்தப் படையும் நான்தான். அங்கே தவளையையும் நியூட்டையும் எண்ணுவது அக்கா மகள் வாண்டுவின் ஆராய்ச்சி. ஆறு வருடமாக நானும் அவளும்தான் போவோம். இந்த வருடம் அவளுக்குக் காலில் மாவுக்கட்டு.

“நியூட்னா என்ன சார்?” என்றார் வாட்ச்மேன்.

“பாக்கப் பல்லி, பொறப்புல தவளைக்குப் பங்காளி” என்றேன்.

வாண்டு போனில் கறாராகச் சொன்னாள்: “மாமா, இந்தத் தடவ கதை வேணாம். பாத்தத மட்டும் எழுதுங்க. போன வருஷமே நியூட் ரெண்டுதான். இப்ப ஒண்ணுகூட இல்லன்னா அந்தக் குளத்தையே ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடுவாங்க.”

“என் நேர்மைய அளக்க இன்னும் ஸ்கேல் கண்டுபிடிக்கல வாண்டு.”

மார்ச் 9, சனி

கூடாரம் இருவருக்கானது. ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் பை. பை நல்ல துணை, எதிர்த்துப் பேசுவதில்லை. எதுவுமே பேசுவதில்லை.

பழக்கதோஷத்தில் டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன். இரண்டாவது ஆறும் வரை காத்திருந்து நானே குடித்தேன்.

இருட்டியதும் டார்ச்சோடு குளத்தை மூன்று முறை வலம் வந்தேன். தவளை ஏழு. அதில் ஒன்று, வேலை கேட்டு வந்தவனை முதலாளி பார்ப்பதுபோல் என்னை ஏற இறங்கப் பார்த்தது. நியூட் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

இன்றும் இல்லை. கண் பிதுங்கிக் குளத்தில் விழுந்து மிதக்கும் அளவுக்குப் பார்த்துவிட்டேன்.

படிவத்தில் ‘நியூட்’ என்ற கட்டம் காலியாகவே இருந்தது. மாவுக்கட்டோடு அவள் இதைப் படிக்கும்போது அந்த முகம்... பேனா தானாக ஓடிவிட்டது. பன்னிரண்டு.

ஏன் பன்னிரண்டு? ஆயிரம் என்றால் நம்பமாட்டாள். நான் விட்ட கதைகளிலேயே ஆகச் சிறியது இதுதான்.

மார்ச் 12, செவ்வாய்

போனில் வாண்டுவின் அலறலில் மூன்று தெரு நாய்கள் எழுந்துகொண்டன. “பன்னெண்டா மாமா! எங்க ஆராய்ச்சி மேடமே அடுத்த வாரம் குளத்துக்கு வராங்க, நேர்ல பாக்கணுமாம்!”



மார்ச் 14, வியாழன்

சொல்லிவிட்டேன்.

“அது பன்னெண்டு இல்ல வாண்டு.”

“பின்ன எத்தன?”

“ஒண்ணும் இல்ல.”

வழக்கமான விளையாட்டு என்று முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “எருமை சைஸ் தவளைன்னு சின்ன வயசுல சொன்னீங்க, நம்பினேன். அதெல்லாம் எனக்குப் புடிச்சிருந்துச்சு மாமா. ஆனா இது என் வேலை.”

போனை வைத்துவிட்டாள். என்ன மனுசன்டா நீ? ஒரு கட்டத்துல ஒரு பூஜ்யம் போட வக்கில்ல உனக்கு?

மார்ச் 19, செவ்வாய்

அக்கா மட்டும் பேசினாள். “அவ மேடம்கிட்ட மன்னிப்புக் கேட்டாடா. உன் பேர எடுக்கவே இல்ல. ‘நான்தான் சரிபாக்காம குடுத்துட்டேன்’னு சொல்லியிருக்கா.”

மார்ச் 23, சனி

வேலை முடிந்து காலி லிஃப்டில் இறங்கினேன். கண்ணாடியில் தெரிந்தவனிடம் ஒரு கதை சொன்னேன் — அவனும் நம்பவில்லை.

மார்ச் 30, சனி

குளத்தில் இருக்கிறேன். யாரும் அனுப்பவில்லை. டீ ஒரு டம்ளர்.

தவளை ஐந்து. இரண்டாவது சுற்றில், கரையோரத் தண்ணீருக்கடியில் ஒரு செடி மட்டும் அசைந்தது. டார்ச்சைத் திருப்பினேன். நியூட். பின்னங்கால்களால் ஓர் இலையைப் பிடித்து, கடிதம் மடிப்பதுபோல் பொறுமையாக மடித்துக்கொண்டிருந்தது. மடித்த இலைக்குள் ஒரு முட்டை. பிறகு சேற்றுக்குள் போய்விட்டது.

போன் பையிலேயே கிடந்தது. படம் எடுக்கத் தோன்றவே இல்லை. காலைவரை ஊரையே கூப்பிட்டுக் கத்தலாம் போலிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

கட்டத்தில் எழுதினேன்: 1.

மார்ச் 31, ஞாயிறு

‘நியூட் ஒன்று. இலையை மடித்தது. படம் இல்லை’ என்று அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டாள்.

“ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான்.”

“எவ்ளோ நீளம்?”

முதலை என்று சொல்ல நாக்கு துடித்தது. “என் நடுவிரல் அளவு.”

போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

“நீங்க போயி ஒண்ணுன்னு சொல்றீங்கன்னா, அது கண்டிப்பா இருக்கு மாமா. வர்ற வாரம் கட்டுப் பிரிக்கிறாங்க.”

ஏப்ரல் 6, சனி

தவளை ஒன்பது. நியூட் ஒன்று. மடிந்த இலை நான்கு. ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்தபடி குனிந்து அவளே எண்ணினாள்.

டீ இரண்டு டம்ளர். கூடாரத்தில் இடமில்லை, என் பை வெளியே கிடக்கிறது.