கன்னத்தில் வைத்துப் பார்த்த அட்டைகள்

லெமினேட் மெசின் சூடாகிவிட்டது. பச்சை விளக்கு எரிகிறது. சூடான பிளாஸ்டிக்கின் அந்த வாசனை அலுவலக அறை முழுக்கப் பரவிவிட்டது. உனக்குத் தலைவலி கொண்டுவரும் வாசனை. ஆனாலும் மெசின் பக்கத்து நாற்காலியை நீ யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் அட்டையைக் கோணலாக விடுவேன் என்று என்னைக் கிட்டவே சேர்க்கமாட்டாய். இன்று அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகளுக்கான முதல் எழுத்தட்டையை எடுத்தேன், உள்ளே விட முடியவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு, வெட்டி மிஞ்சிய பிரிஸ்டல் போர்ட் அட்டைத் துண்டுகளின் பின்பக்கத்தில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை எங்கே அனுப்புவாய் என்று கேட்காதே.

பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெளியே மழை இல்லை, பனிதான். பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஏறி வந்து, விளையாட்டுத் திடலை மூடிவிட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி வழியாக நம் வகுப்புக்குள்ளும் நுழைந்துகொண்டிருக்கிறது. அந்தக் கண்ணாடியை இன்னும் மாற்றவில்லை. நீ அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒட்டிய மறைப்பும் ஊறி விழுந்துவிட்டது.

அடுத்த வாரம் முதலாம் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். உன் வகுப்பு. இப்போது அதையும் என் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள். உன் ஒன்றாம் வகுப்பும் என் இரண்டாம் வகுப்பும் ஒரே மண்டபத்தில், நடுவில் ஒரு கரும்பலகை மட்டும் நின்றதே, அந்தப் பலகையைச் சுவரோரம் தள்ளிவிட்டேன். அந்தப் பக்கம் நீ இல்லாதபோது அது எதற்கு.

நேற்று ஹட்டனுக்குப் போய்ப் புது லெமினேட் உறைகள் வாங்கி வந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில், நீ உட்காரும் இடத்தில் யாரோ ஒரு அம்மா கோழியோடு உட்கார்ந்து வந்தார். கடைக்கார நானா என்னைக் கண்டதும் வழக்கம்போல இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு ஒன்றைத் திரும்ப உள்ளே தள்ளினார்.

நாம் இருவரும் முதன்முதலில் அந்தக் கடைக்குப் போன நாளை நினைத்துக்கொண்டேன். தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில், அடுத்தடுத்த காம்பரா அறையில் பிறந்து, ஒரே வருஷம் டீச்சர் வேலை கிடைத்து, படித்த பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்தவர்கள் நாம். வந்த முதல் மழைக்காலத்திலேயே நாம் எழுதிய அட்டைகள் எல்லாம் அப்பளம்போல் நமத்து, மை ஓடி, 'க'வும் 'ச'வும் ஒன்றோடொன்று கலந்துபோயின. பிள்ளைகளின் ஈரக் கைகளுக்கும் நம் ஊர்ப் பனிக்கும் காகிதம் எந்த மூலைக்கு. அப்போதுதான் அலுவலக அலமாரியில் யாரோ நன்கொடையாகக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பழைய மெசினை நீ கண்டுபிடித்தாய்.

அன்று நானா பளபளப்பான உறையை எடுத்து மேசையில் விரித்தார்.

"இத கொண்டு போங்க டீச்சர். எல்லா ஸ்கூலும் இதுதான் எடுக்கிறாங்க. கண்ணாடி மாதிரி இருக்கும்."

நீ அதை வாங்கிக் கடை வாசலுக்குப் போய், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாய்.

"கண்ணாடி வேணாம் நானா. எங்க வகுப்புல ஒரு பக்கம் பூரா ஜன்னலு. இத தூக்கிக் காட்டினா பின்னால உக்காந்திருக்கிற புள்ளைங்களுக்கு வெள்ளையா ஒரு வெளிச்சந்தான் தெரியும், எழுத்து தெரியாது. மங்கலா ஒண்ணு இருக்குமே, அத எடுங்க."

பிறகு தடிப்பு. மெல்லியதை மடித்துப் பார்த்து, "இத ரெண்டே நாளில கடிச்சே தின்னுருவாங்க" என்றாய். ஆகத் தடித்ததை நான் ஆசையாக எடுத்தபோது என் கையில் தட்டினாய். "நம்ம மெசினு ஒரு கெழவன், புள்ள. இம்புட்டு தடிப்ப சூடாக்க அதுக்கு மூச்சு பத்தாது. பாதி ஒட்டும், பாதி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும்." நடுத்தரமானதையே தேர்ந்தெடுத்தாய். மூலை உருண்டையாக இருக்கிறதா என்று ஒவ்வோர் உறையையும் விரலால் தடவிப் பார்த்தாய். கூர்மூலை பிள்ளைகளின் கண்ணில் குத்திவிடுமாம். ஒரு கலியாணச் சேலை எடுக்கக்கூட நீ அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. நானா தேத்தண்ணி வரவழைத்துவிட்டார். பஸ்ஸைத் தவறவிட்டு நாம் நின்ற நிற்பும், நான் உன்னைத் திட்டிய திட்டும், நீ வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பும் அந்த பஸ் தரிப்பிடத்தில் இன்னும் இருக்கும் என்றுதான் நேற்று நினைத்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

உறை வாங்குவது பெரிய காரியமில்லை, அட்டையைக் காயவைப்பதுதான் காரியம் என்று நீ சொல்வாய். நம் ஊரில் காய்ந்ததுபோல் தெரியும் எந்தத் தாளும் காய்ந்திருக்காது. ஈரத்தோடு உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு பூசணம் உள்ளேயிருந்து வளரும். "வெளிய இருந்தா துணியால தொடைக்கலாம். உள்ளுக்குள்ள வந்தா என்ன செய்வ?" என்று கேட்பாய்.

அதற்காகத்தான் நாம் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு பெக்டரிக்குப் போவோம். தேயிலை காயவைக்கும் அடுப்பின் வெளிப்புறச் சுவர் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். மழைக்காலத்தில் லயத்துப் பெண்கள் பிள்ளைகளின் காற்சட்டையையும் காலுறையையும் உலர்த்துகிற சுவர் அது. உன் அண்ணனுக்கு அங்கே வேலை என்பதால் நமக்கு அதில் கொஞ்சம் இடம் கிடைத்தது. கம்பி கட்டி, துணிக் கிளிப்பில் அட்டைகளை வரிசையாக மாட்டுவோம். 'கொ'வுக்குக் கொழுந்து, 'ப'வுக்குப் படங்கு. புத்தகத்தில் பட்டம் என்று இருந்ததை நீதான் மாற்றினாய். மழைக்கு அம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிற படங்கைத் தெரியாத பிள்ளை நம் வகுப்பில் உண்டா. அந்த அட்டைகளில் கடைசிவரை தேயிலை வாசனை இருக்கும்.

காய்ந்ததா என்று பார்க்க நீ விரலை நம்பமாட்டாய். கரும்பலகையில் எழுதச் சோக்கட்டி பிடித்துப் பிடித்து மரத்துப்போன விரல் என்பாய். ஒவ்வோர் அட்டையாகக் கழற்றிக் கன்னத்தில் வைப்பாய். சில்லென்றிருந்தால் ஈரம் இருக்கிறது, திரும்பக் கம்பிக்குப் போகவேண்டும். கன்னத்தில் ஒன்றுமே தெரியாவிட்டால் காய்ந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு நீ அட்டையைக் கன்னத்தில் வைத்து நிற்பதைப் பார்த்து கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் சிரிப்பார்கள். "டீச்சரு அட்டையோட கொஞ்சுறாங்க பாரு" என்பார்கள். பிறகு எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

இனி அந்தக் கடைசி மழைக்காலம். உன் முகம் வாடியிருந்தது. கேட்டால் கேஸ்ட்ரிக் என்றாய். பழைய அட்டைகள் நன்றாக இருந்தபோதே எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, முழுத் தொகுதியையும் புதிதாகச் செய்யவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். இரவு பகலாக நீயே எழுதினாய், நீயே படம் வரைந்தாய். என்னை ஓர் எழுத்துக்கூட எழுதவிடவில்லை. அந்த வாரம் பெக்டரியில் திருத்த வேலை, அடுப்பு மூட்டவில்லை. சுவரில் கை வைத்தால் பாறைபோலக் குளிர்ந்தது. அட்டைகளை வகுப்பறையில் கட்டித் தொங்கவிட்டோம். மழை விட்டபாடில்லை.

"லீவு முடிஞ்சு வந்து பாத்துக்கலாம்டீ. அதுக்குள்ள பெக்டரி தொறந்துருவாங்க" என்றேன்.

நீ ஓர் அட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்தாய். வழக்கத்தைவிட நேரம் எடுத்தாய்.

"காஞ்சிருச்சு" என்றாய். "மெசின போடு."

அடுத்ததையும் வைத்தாய். அதுவும் காய்ந்துவிட்டது என்றாய். அன்றைக்கு எல்லாமே காய்ந்துவிட்டது உனக்கு. நான் நம்பினேன். இந்த விஷயத்தில் உன் கன்னம் பொய் சொல்லும் என்று எனக்கு எப்படித் தெரியும். ஒட்டி முடித்து, ஓரம் விட்டு வெட்டி, பெட்டியில் அடுக்கி, மேலே செய்தித்தாள் போட்டு மூடி, அந்தப் பெட்டியை நீ கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாய். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

லீவில் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போனாய். உன்னை வேனில் கொண்டுவந்தார்கள். உன் அண்ணன் சொல்லித்தான் தெரியும், வயிற்றில் இருந்த நோய் அவ்வளவு நாளும் உனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. திரும்பி வரமாட்டாய் என்பதும் தெரிந்திருக்கிறது. அதனால்தானே அந்த அவசரம். பெக்டரி திறக்கும் வரை உன்னிடம் நேரம் இல்லை. அதை என்னிடம் சொல்லாமல், காய்ந்துவிட்டது என்று சொன்னாய். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்பாய். ஒன்றும் செய்திருக்கமாட்டேன், அழுதிருப்பேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பேனே, அதற்காவது விட்டிருக்கலாம். எனக்கு உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. யாரிடம் போய் இதைக் காட்டுவது.

உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் பெண்களோடு நானும் குனிந்து உன்னைக் கட்டிக்கொண்டேன். என் கன்னம் உன் கன்னத்தில் பட்டது. சில்லென்றிருந்தது. அந்த நேரத்தில், அத்தனை பேர் அழுகைக்கு நடுவில், என் மனதில் வந்தது என்ன தெரியுமா. இன்னும் ஈரம் போகவில்லை, திரும்பக் கம்பியில் மாட்டவேண்டும் என்று வந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து எழுந்து வெளியே ஓடினேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

உன் அட்டைகளில் முதலில் 'ம'வில்தான் வந்தது. மழை என்று எழுதி நீ வரைந்த நீலக் கோடுகளுக்குப் பின்னால் ஒரு சாம்பல் புள்ளி. நகத்தால் சுரண்டினேன், நகம் பிளாஸ்டிக்கில் வழுக்கியது. நீ சொன்னது போலத்தான், உள்ளே இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றிலும். போன வருஷம் முழுக்க அதையே தூக்கிக் காட்டிப் படிப்பித்தேன். புள்ளி படர்ந்து, உன் எழுத்துக்கு மேலேயும் ஏறிவிட்டது. ஓரங்களும் பிரியத் தொடங்கின. நம் பள்ளிக்கூடத்தில் உன் கையெழுத்து என்று வேறொன்றும் இல்லை. பழைய அட்டைகள் போன வீடுகளில் பாதிப் பேர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். காம்பராக்கள் பூட்டிக் கிடக்கின்றன.

போன வாரம் நம் பள்ளிக்கூடத்துப் பெரிய சார் கூப்பிட்டார். அவரைக் குறை சொல்லமுடியாது.

"டீச்சர், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. அந்த அட்டைங்கள இந்த வருஷம் எடுக்கவேணாம். வீசிங் உள்ள புள்ளைங்க வருதுங்க. பூசணம் ஆகாது. புதுசா செஞ்சுருங்க."

"ஒண்ணு ரெண்டையாவது வச்சுக்கிறேனே சார்."

"வீட்டுல வச்சுக்குங்க. யாரு வேணாங்கிறா."

வீட்டில் வைத்தால் மட்டும் பூசணம் நின்றுவிடுமா. ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று 'ம'வை எடுத்தேன். ஓரத்தை பிளேடால் கீறி, மெல்ல மெல்ல உரித்தேன். பிளாஸ்டிக் வந்தது. அதோடு தாளின் மேல்தோலும் வந்தது. அதிலேதான் உன் மழை இருந்தது. கையில் மிஞ்சியது பஞ்சுபோல ஒரு வெற்றுத்தாள். உரித்த பிளாஸ்டிக்கை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். உன் கோடுகள் தெரிந்தன, பூசணத்தோடு. இரண்டையும் திரும்பச் சேர்த்து வைத்துப் பார்த்தேன், சேரவில்லை. மேசையில் தலையைப் போட்டுக்கொண்டு அழுதேன். மற்றவற்றை நான் தொடவில்லை. பெரிய சாரே ஆள் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

இந்தப் புதுத் தொகுதியை நான்தான் எழுதியிருக்கிறேன். என் எழுத்து உனக்குத் தெரியும், கோழி கிறுக்கியதுபோல இருக்கும். படங்குப் படம் கோணிச் சாக்கு மாதிரி வந்திருக்கிறது. பெக்டரி இப்போது ஓடுகிறது. கொழுந்து குறைந்துபோய் வாரத்தில் சில நாள்தான் அடுப்பு மூட்டுகிறார்கள், ஆனாலும் சுவர் சூடாகத்தான் இருந்தது. அட்டைகளை மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றைக் கழற்றிக் கன்னத்தில் வைத்தேன். சில்லென்றிருந்தது. திரும்ப மாட்டினேன். மறுபடி எடுத்தேன், மறுபடியும் சில்லென்றிருந்தது. அப்படியே பொழுது போய்விட்டது.

உன் அண்ணன் வெளியே வந்தார். தலைமுடி முழுக்க தேயிலைத் தூசு.

"என்னங்க டீச்சர், இன்னும் நிக்கிறீங்க?"

"காயல அண்ணே. சில்லுன்னே இருக்கு."

அவர் ஓர் அட்டையை வாங்கி, உள்ளங்கையில் வைத்து, பிறகு என்ன நினைத்தாரோ, தன் கன்னத்திலும் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. எடுத்தபோது அவர் முகத்தை என்னால் பார்க்கமுடியவில்லை.

"இது காஞ்சு ரொம்ப நேரமாச்சுங்க டீச்சர்" என்றார்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம் ஒன்றுதான். அதுவும் இப்படி ஆகிவிட்டது. உன்னைத் தொட்ட அந்த நாளுக்குப் பிறகு என் கன்னத்தில் எதை வைத்தாலும் சில்லென்றுதான் இருக்கிறது. சுவரில் சூடேறிய அட்டையும்தான். காய்ந்ததற்கும் காயாததற்கும் எனக்கு இனி வித்தியாசம் தெரியாது.

பச்சை விளக்கு இன்னும் எரிகிறது. கிழவனை இதற்குமேல் காக்க வைத்தால் மூச்சு நின்றுவிடும். உன் அண்ணன் சொன்னதை நம்பி 'அ'வை உள்ளே விடப் போகிறேன்.